வெந்தய வாசனை என்று இருந்துவிட்டேன்

பிள்ளை பெற்ற வீட்டுக்கென்று ஒரு வாசனை உண்டு. வெந்தயக் களி, பூண்டுக் குழம்பு, சாம்பிராணிப் புகை எல்லாம் கலந்த வாசனை. நாலு பிரசவம் பார்த்த எந்தப் பெண்ணும் வாசற்படியில் நின்றே சொல்லிவிடுவாள், இந்த வீட்டில் பச்சைப்பிள்ளை இருக்கிறது என்று. நானும் அப்படிச் சொல்லக்கூடியவள்தான். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் என்னை ஏமாற்றியது. சகோதரிகளே, இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

2016-ஆம் வருஷம் ஐப்பசி மாதம். என் அக்கா மகளுக்குத் தலைப்பிரசவம். அவளைக் கட்டியிருப்பது எங்கள் அண்ணன் மகன். ஆகவே பெண் பக்கம் நான் சித்தி, மாப்பிள்ளை பக்கம் அத்தை. அக்காவுக்கு முழங்கால் வலி என்பதால் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஆண் குழந்தை. மூன்று கிலோ. ராஜா மாதிரி இருந்தான். மூன்றாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

மறுநாள் அவள் கேட்டாள். "சித்தி, பிள்ளை மேல பாகு காய்ச்சின வாசனை வருதே, கவனிச்சீங்களா?"

மோந்து பார்த்தேன். ஈரத் துணியில், காதோரத்தில், கருகின சர்க்கரை மாதிரி ஒரு வாசனை. நான் சிரித்தேன். "வெந்தயக் களி தின்னவ பாலைக் குடிச்சா, பிள்ளை வேற எப்படிடி மணக்கும்?"

அவளும் சிரித்தாள்.

ஐந்தாம் நாள் குழந்தை பாலைத் தள்ளிவிட்டான். ஆறாம் நாள் உடம்பை வில்லாக வளைத்தான். சைக்கிள் மிதிப்பதுபோலக் காலை அடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தத்தில் கிருமி என்றார்கள், ஊசி போட்டார்கள். பத்தாம் நாள் விடியற்காலையில் எல்லாம் முடிந்துவிட்டது.

ஊர் பலதும் சொன்னது. தோஷம் என்றார்கள், கண்ணேறு என்றார்கள், பெண்ணின் ராசி என்றுகூடச் சொன்னார்கள். அந்த வாசனையைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

டாக்டரம்மா கேட்ட கேள்வி

2019-ல் அவள் மறுபடி உண்டானாள். இந்தத் தடவை மதுரையில் வேறொரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். முதல் குழந்தையின் கதையை ஆதியோடந்தமாகக் கேட்டுவிட்டு, கடைசியாக ஒரு கேள்வி போட்டார். "அந்தக் குழந்தை மேல ஏதாவது வித்தியாசமான வாசனை வந்ததா?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சொன்னேன். வெந்தயம் என்று நான் சிரித்ததையும் சேர்த்தே சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "வெந்தயமாகவும் இருந்திருக்கலாம். அதுதான் இதில் உள்ள சங்கடம்" என்றார்.

கனடா, அமெரிக்கா பக்கம் மேப்பிள் என்று ஒரு மரம் இருக்கிறது. நம் ஊரில் பதநீரைக் காய்ச்சுவதுபோல அதன் சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுக்கிறார்கள். சில குழந்தைகளின் சிறுநீரில் அந்தப் பாகின் வாசனை வரும். அதனால் வியாதிக்கே 'மேப்பிள் பாகு சிறுநீர் நோய்' என்று பெயர். 1954-ல் பாஸ்டனில் ஜான் மென்கெஸ் என்ற இளம் டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் இதை முதலில் எழுதினார்கள். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த நாலு குழந்தைகள், பிறந்த மூன்று மாதத்துக்குள் இறந்துபோயிருந்தன. நாலு குழந்தைக்கும் அதே வாசனை.

நாம் சாப்பிடும் பருப்பிலும், குழந்தை குடிக்கும் தாய்ப்பாலிலும் புரதம் இருக்கிறது. அது வயிற்றில் உடைந்து அமினோ அமிலங்களாக ரத்தத்துக்கு வருகிறது. அவற்றில் லூசின், ஐசோலூசின், வேலின் என்று மூன்று. இந்த மூன்றையும் செரித்துத் தீர்க்கும் என்சைம் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வேலை செய்யாது. பால் குடிக்கக் குடிக்க லூசின் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போய் மூளையைத் தாக்கும். தாய்ப்பாலே விஷமாகும் கொடுமை அது.

இந்த வாசனைக்குக் காரணம் சோட்டோலோன் என்ற பொருள். வெந்தயத்தின் வாசனைக்கும் அதே சோட்டோலோன்தான் காரணம். பிரசவத்துக்கு முன் வெந்தயம் சாப்பிட்ட தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு இந்த வியாதியோ என்று டாக்டர்கள் பயந்துபோய், பிறகு இல்லையென்று தெரிந்த கதையும் 2001-ல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் வந்திருக்கிறது.

ஆக, மூக்கை நம்பிப் பயனில்லை. ரத்தத்தைத்தான் கேட்க வேண்டும்.

தராசுக்குத் தெரியாத நாலு பேர்

பெண் குழந்தை பிறந்தது. ஒன்றரை நாள் பால் குடித்த பிறகு குதிகாலில் குத்தி, கனத்த காகித அட்டையில் நாலைந்து பொட்டு ரத்தம் எடுத்தார்கள். கையிலிருந்து சின்னக் குழாயிலும் கொஞ்சம் எடுத்தார்கள். அட்டை வெளியூர்ப் பரிசோதனைக்கூடத்துக்குப் போயிற்று. மறுநாள் போன் வந்தது. "லூசின் கூட்டுத்தொகை அதிகம்."

"அப்படின்னா அந்த வியாதிதானா?" என்று அண்ணன் மகன் கேட்டான்.

"இன்னும் சொல்ல முடியாது. கூட்டுத்தொகைன்னு சொல்றாங்க, பாருங்க" என்றார் டாக்டரம்மா.

அந்த அட்டையை ஆராயும் கருவி ஒரு நுணுக்கமான தராசு மாதிரி. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று பெயர். ஒவ்வொரு பொருளின் அணுக்கூட்டத்தையும் எடை போட்டு இன்னது இவ்வளவு என்று சொல்லும். ஒரு குழந்தைக்கு இரண்டு நிமிஷம் போதும். ஆனால் லூசின், ஐசோலூசின், அல்லோ ஐசோலூசின், ஹைட்ராக்சிபுரோலின் என்று நாலு பேர் இருக்கிறார்கள். நாலு பேருக்கும் அந்தத் தராசில் ஒரே எடை, 131. நாலு பேரும் ஒன்றாக ஏறி நின்றால் தராசு என்ன செய்யும், பாவம்? மொத்தத்தைத்தான் சொல்லும்.

இதில் ஹைட்ராக்சிபுரோலின் அதிகமாக இருந்தால் கவலையே இல்லை. அது சிலருக்கு அப்படித்தான் இருக்கும், ஒரு கெடுதலும் செய்யாது. ஆனால் அல்லோ ஐசோலூசின் இருந்துவிட்டால் மேப்பிள் பாகு வியாதிதான், சந்தேகமில்லை. ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் 5 மைக்ரோமோலைத் தாண்டினாலே போதும். எடையாகச் சொன்னால், ஒரு மில்லிகிராமில் மூன்றில் இரண்டு பங்கு. உப்புக்கல் அளவுகூட இல்லை. என் பேத்தியின் உயிர் அந்தப் பொடியில் நின்றது.

டாக்டரம்மா காத்திருக்கவில்லை. தாய்ப்பாலை நிறுத்தி, குளுக்கோஸ் ஏற்றத் தொடங்கினார். அடுத்த வேலை, அந்த நாலு பேரையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பது.

சாக்பீஸில் ஒரு பாடம்

பிரிப்பது என்றால் என்னவென்று அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் பிளஸ் டூவோடு நின்றவள். எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண் பெங்களூரில் இதுபோன்ற ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அடுத்த பொங்கலுக்கு வந்தபோது அவளைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன்.

"ஒரு சாக்பீஸ் கொடுங்க அத்தை" என்றாள். அதன் அடியில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு வளையம் வரைந்தாள். ஒரு தட்டில் மெல்லிசாகத் தண்ணீர் ஊற்றி, வளையம் நனையாமல் அதை நிறுத்தினாள். தண்ணீர் மேலே ஊறிற்று. கறுப்பு மை கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து மஞ்சள், சிவப்பு, நீலம் என்று அடுக்கடுக்காக நின்றது. உங்கள் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள், நன்றாக இருக்கும்.

மிகயில் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியல் அறிஞர் 1903-ல் வார்சாவில் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை அடைத்து, இலைச்சாற்றை மேலே ஊற்றினார். பச்சை, மஞ்சள் என்று பட்டை பட்டையாகப் பிரிந்தது. அதற்கு 'குரோமட்டோகிராபி', அதாவது நிறத்தால் எழுதுவது என்று பெயர் வைத்தார். 'ஸ்வெட்' என்ற அவர் பெயருக்கே ரஷ்ய மொழியில் நிறம் என்றுதான் அர்த்தமாம்!

அமினோ அமிலங்களுக்கு நிறமில்லை. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் கம்பளி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆர்ச்சர் மார்ட்டினும் கூட்டாளிகளும் 1944-ல் வடிகட்டும் காகிதத்திலேயே அவற்றைப் பிரித்தார்கள். காகிதத்தைக் காயவைத்து நின்ஹைட்ரின் என்ற மருந்தைத் தெளித்துச் சூடு காட்டினால் ஊதாப் பொட்டுகள் தெரியும். ஹைட்ராக்சிபுரோலின் மட்டும் மஞ்சளாகத் தெரியும். மார்ட்டினுக்கும் ரிச்சர்ட் சிங்குக்கும் 1952-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1958-ல் நியூயார்க்கில் ஸ்டான்ஃபோர்ட் மூர், வில்லியம் ஸ்டைன் குழுவினர் இதைத் தானே செய்யும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வாரக்கணக்கில் இழுத்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது.

அப்போதும் ஒரு தப்பு நடந்தது. இந்த வியாதிக்காரக் குழந்தைகளின் ரத்தத்தில் மெதியோனின் என்ற அமினோ அமிலமும் அதிகம் என்று முதலில் நினைத்தார்கள். 1962-ல்தான் தெரிந்தது, அது மெதியோனினே இல்லை. அதே இடத்தில் வந்து நின்றுகொண்டிருந்தவர் நம்ம அல்லோ ஐசோலூசின். எனக்கு இதைக் கேட்டபோது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. ஆள் மாறாட்டத்தில் ஏமாந்தது நான் மட்டுமில்லை.

தண்ணீர்க்காரர்களும் எண்ணெய்க்காரர்களும்

இப்போதுள்ள முறையில் குச்சி மாதிரி ஒரு எஃகுக் குழாய். உள்ளே மாவைவிட நைசான சிலிக்காத் தூள். பம்பு வைத்துப் பெரும் அழுத்தத்தில் திரவத்தைத் தள்ளுகிறார்கள். வழக்கமான தூளில் பதினெட்டு கார்பன் நீளமுள்ள கொழுப்பு மாதிரி வால்கள் ஒட்டியிருக்கும். எண்ணெய்த்தன்மை உள்ள பொருள்கள் அதில் ஒட்டி ஒட்டி மெதுவாக வரும். மருந்துகள், வைட்டமின் டி எல்லாம் இதில் அழகாகப் பிரியும்.

ஆனால் ரத்தத்தில் உள்ள பல முக்கியமான பொருள்கள் தண்ணீர்க்காரர்கள். சர்க்கரை, அமினோ அமிலங்கள், இன்னும் எத்தனையோ சின்ன அமிலங்கள். அதிரசம் சுட்ட வாணலியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெல்லம் உடனே கரைந்து ஓடிவிடும், எண்ணெய்ப் பிசுக்கு அங்கேயே நிற்கும். அதே கதைதான். தண்ணீர்க்காரர்கள் அந்தக் கொழுப்புத் தூளை ஏறெடுத்தும் பார்க்காமல், உப்போடும் அழுக்கோடும் கும்பலாக முதல் நிமிஷத்திலேயே வெளியே வந்துவிடுவார்கள். கும்பலில் யார் யார் என்று எப்படித் தெரியும்?

இதற்குப் பல வழி பார்த்தார்கள். ஒரு வழி, அமினோ அமிலங்களுக்கு முதலிலேயே ஒரு வாலை ஒட்டி அனுப்புவது. நல்ல வழிதான், ஆனால் வேலை அதிகம். வால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஒட்ட வேண்டும். இன்னொரு வழி, தண்ணீர்க்காரருக்குத் துணையாக ஒரு பொருளைத் திரவத்திலேயே கலந்துவிடுவது. துணை வந்தவர் தூளைப் பிடித்துக்கொள்வார், இவரும் கூட நிற்பார். ஆனால் அந்தத் துணைப்பொருள் இயந்திரத்தை விட்டுப் போகவே போகாதாம். பூண்டு அரைத்த மிக்ஸி ஜாரில் தேங்காய்ச் சட்னி அரைத்த கதை!

மூன்றாவது வழியில் தூளையே மாற்றினார்கள். கொழுப்பு வால் இல்லாத, தண்ணீரை விரும்பும் தூள். ஓடும் திரவத்தில் பெரும்பங்கு அசிட்டோநைட்ரைல், கொஞ்சம்தான் தண்ணீர். அந்தக் கொஞ்சத் தண்ணீர் தூளின்மேல் மெல்லிய படலமாகப் படிந்துகொள்ளும். நனைந்த மண்சட்டி மாதிரி என்று வையுங்கள். எண்ணெய்க்காரர்கள் வழுக்கிக்கொண்டு முதலில் போய்விடுவார்கள். தண்ணீர்க்காரர்கள் படலத்தில் இறங்கி நின்று நின்று வருவார்கள். அமெரிக்க ரசாயன அறிஞர் ஆண்ட்ரூ ஆல்பர்ட் 1990-ல் இதற்கு 'ஹிலிக்' என்று பெயர் கொடுத்தார். இப்போது இரண்டு குணமும் சேர்ந்த கலப்புத் தூள்களும் உண்டு. அவள் கூடத்தில் அமினோ அமிலங்களுக்கு வைத்திருப்பது அப்படி ஒரு தூள்தான்.

"அப்புறம் என்ன, பிரச்னை தீர்ந்ததா?" என்றேன்.

"எங்கே அத்தை! இந்த ஹிலிக் வகைத் தூளுக்குக் கோபம் ஜாஸ்தி. தோசைக்கல் மாதிரி. முதல் தோசை சரியா வராதில்லே? அதே மாதிரி தண்ணிப்படலம் நிதானத்துக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கணும். பொதுவா வெச்சிருக்கிற பிளாஸ்மாவை நாலைஞ்சு தடவை ஓட்டிப் பார்த்துட்டுத்தான் பிள்ளைங்க ரத்தத்தைத் தொடுவோம்."

மாதிரியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினாலும் கெட்டுப்போகுமாம், படலம் கலைந்துவிடும். திரவத்தின் புளிப்பு, உப்பு, குழாயின் சூடு எல்லாம் இம்மி பிசகக் கூடாது. ஐசோலூசினும் அல்லோ ஐசோலூசினும் இருக்கிறார்களே, அவர்கள் இரண்டு பேருக்கும் அணுக்கள் ஒன்றுதான், அடுக்கும் ஒன்றுதான். ஒரே புடவையை ஒருத்தி இடத்தோளிலும் இன்னொருத்தி வலத்தோளிலும் போட்டுக்கொண்ட மாதிரி, ஒரே ஒரு இடத்தில் பக்கம் மாறியிருக்கும். கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொரு பொருளும் ஒரு மலை மாதிரி எழும்புமாம். முதலில் இவர்கள் இரண்டு பேரும் ஒரே மலையாகத்தான் வந்தார்களாம். ஓட்டத்தைக் குறைத்து, சூட்டை மாற்றி, புளிப்பைத் திருத்தி, இரண்டு மலைக்கும் நடுவே பள்ளம் தெரிய அவர்களுக்குச் சில மாதம் பிடித்ததாம். "அந்தப் பள்ளம் தெரிஞ்ச அன்னிக்கு நாங்க கேசரி கிண்டினோம்" என்றாள்.

வேகமும் கூடியிருக்கிறது. பழைய வகை இயந்திரத்தில் ஒரு ரத்தத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். இப்போது இருபது நிமிஷத்துக்குள் முடிகிறது.

பிளாஸ்மாவை அப்படியே குழாயில் விட முடியாது. அதில் உள்ள புரதம் குழாயை அடைத்துவிடும். பால் திரித்துப் பன்னீர் எடுக்கிறோமே, அதுபோலக் குளிர்ந்த மெத்தனாலோ அசிட்டோநைட்ரைலோ விட்டுப் புரதத்தைத் திரியவைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுக்கிறார்கள். இதில் கொஞ்சம் வீணாகுமே? அதற்கும் ஒரு யுக்தி. அதே அமினோ அமிலத்தின் கனமான இரட்டையை, அளவு தெரிந்து முதலிலேயே கலந்துவிடுகிறார்கள். இரட்டையில் எவ்வளவு குறைந்ததோ, அவ்வளவுதான் நம் பொருளிலும் குறைந்திருக்கும். கணக்குப் போட்டு நேர் செய்துவிடலாம்.

அரைத்த மாவும் எடுத்த ரத்தமும்

இத்தனை பாடுபட்டு இயந்திரத்தைத் தேற்றி வைத்திருக்க, நாம் என்ன செய்தோம் தெரியுமா? குழாயில் எடுத்த முதல் ரத்தத்தை அந்த ஆஸ்பத்திரியில் மேஜைமேல் வைத்துவிட்டு மறந்துவிட்டார்கள். சாயங்காலம்தான் கூரியருக்குப் போயிருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தபோது பிளாஸ்மா சிவந்து கிடந்ததாம். "இது ஆகாது, மறுபடி எடுத்து அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்போது காரணம் தெரியும். எடுத்த ரத்தம் அரைத்து வைத்த இட்லி மாவு மாதிரி. வெளியே வைத்தால் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். சிவப்பணு உடைந்தால் அதிலுள்ள என்சைம் ஆர்ஜினினைத் தின்றுவிடும். குளூட்டமின் குளூட்டமேட்டாக மாறிவிடும். இயந்திரம் ஒழுங்காகத்தான் அளக்கும், ஆனால் அளப்பது குழந்தையின் ரத்தம் இருந்த நிலையை அல்ல.

இரண்டாம் தடவை டாக்டரம்மாவே பக்கத்தில் நின்று எடுக்கச் சொன்னார். உடனே ஐஸில் வைத்து, பிளாஸ்மாவைப் பிரித்து, உறையவைத்து அனுப்பினார்கள். அண்ணன் மகன் தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். அந்த ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்று கேட்காதீர்கள். குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாள். என் அக்கா மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மட்டும் ஹைட்ராக்சிபுரோலின், ஹைட்ராக்சிபுரோலின் என்று அந்த வாயில் நுழையாத பெயரை முருகன் நாமம் மாதிரி ஜபித்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் சாயங்காலம் முடிவு வந்தது. லூசின் எக்கச்சக்கம். அல்லோ ஐசோலூசின் இருக்கிறது.

மேப்பிள் பாகு வியாதிதான்.

என் அக்கா மகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அப்போ மூத்தவனுக்கும் இதுதான் சித்தி."

நான் தலையாட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது அவள்தான், நானில்லை.

இப்போது எப்படி இருக்கிறாள்?

அந்த மூன்று அமினோ அமிலமும் இல்லாத விசேஷப் பால்மாவை வரவழைத்துக் கொடுத்தார்கள். நியூயார்க்கில் செல்மா ஸ்னைடர்மன் என்ற டாக்டரும் குழுவினரும் 1964-ல் எழுதிய உணவு முறையின் வழியில் வந்த வைத்தியம் அது. நாலைந்து நாளில் கண்ணைத் திறந்து பார்த்தாள். பிறகு தாய்ப்பாலும் அளந்து அளந்து கொடுத்தார்கள். முற்றிலும் நிறுத்தவும் கூடாது. உடம்பு வளர லூசின் கொஞ்சம் வேண்டுமே.

இன்றைக்கு அவள் பள்ளிக்கூடம் போகிறாள். அவள் தட்டில் பருப்பு, பால், முட்டை கிடையாது. சோற்றைக்கூட நிறுத்துத்தான் போடுகிறோம். ஜவ்வரிசி, பழம், காய்கறி உண்டு. விசேஷ மாவு தினமும் உண்டு. காய்ச்சல் வந்தால்தான் பயம். உடம்பு தன் சதையையே கரைத்து லூசினை ஏற்றிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மற்றபடி அடிக்கடி ரத்தம் எடுத்து அந்தக் கூடத்துக்கு அனுப்புகிறோம். அவர்கள் சொல்லும் எண்ணைப் பார்த்துத்தான் அந்த வாரம் சோறு கூடும், குறையும். அந்தக் குழாயிலுள்ள தூள்தான் எங்கள் வீட்டு அளவுப்படி என்று சொன்னால் பொய்யில்லை.

மற்ற தாய்மாருக்கு நான் சொல்ல விரும்புவது

சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் டாக்டரிடம் மறைக்கவும் வேண்டாம். தாயும் தகப்பனும் ஒரே குறையை வெளியே தெரியாமல் சுமந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு குழந்தைக்கு வர வாய்ப்பு உண்டு. உலகம் முழுவதும் பார்த்தால் இது அபூர்வ வியாதி. தங்களுக்குள்ளேயே பல தலைமுறையாகப் பெண் கொடுத்து எடுக்கும் பென்சில்வேனியா மென்னனைட் மக்களிடம் சுமார் 380 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. முன்பு ஒரு பச்சைக்குழந்தை காரணம் தெரியாமல் இறந்திருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

குதிகால் பரிசோதனையை, "பச்சைப்பிள்ளையைக் குத்துவதா?" என்று தட்டிக் கழிக்காதீர்கள். பிறந்து ஒன்றிரண்டு நாள் பால் குடித்த பிறகு எடுப்பார்கள். அட்டையை வெயிலிலோ சூட்டிலோ காட்டாமல் நிழலில் தட்டையாக உலரவிட வேண்டும். பொட்டைக் கையால் தொடக் கூடாது. முடிவில் சந்தேகம் என்று வந்தால் இடிந்துபோகாதீர்கள். பிரித்துப் பார்க்கும் இரண்டாம் பரிசோதனை உண்டா என்று கேளுங்கள். 2008-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்தவர்கள், அதே காய்ந்த ரத்தப்பொட்டிலிருந்தே அல்லோ ஐசோலூசினைப் பிரித்து அளக்கும் முறையை வெளியிட்டார்கள்.

குழாயில் ரத்தம் எடுத்தால், "ஐஸில் வைத்தீர்களா? எப்போது அனுப்புவீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். கடைசியாகப் பால் கொடுத்த நேரத்தையும், குழந்தைக்குக் கொடுத்த மருந்தையும், நீங்கள் சாப்பிட்ட வெந்தயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மறுபடி ரத்தம் கேட்டால் கோபப்படாதீர்கள்.

குழந்தை மேல் பாகு வாசனை வந்தால் நீங்களாகவே பாலை நிறுத்திவிடாதீர்கள். வெந்தயம்தான் என்று நீங்களாகவே தீர்ப்பும் சொல்லாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பாலைத் தள்ளினால், அயர்ந்து கிடந்தால், ராத்திரி என்றும் பாராமல் போங்கள். வெந்தயமாகவே இருந்தால் சிரித்துக்கொண்டு திரும்பி வரலாம்.

நான் வெந்தயத்தை வெறுக்கவில்லை. இன்றைக்கும் யார் வீட்டில் பிரசவம் என்றாலும் களி கிண்டிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கொடுத்துவிட்டு, குழந்தையை மடியில் வாங்கி, காதோரம் ஒருதரம் மோந்து பார்க்கிறேன். பிறகு, குதிகாலில் ரத்தம் எடுத்தார்களா என்று கேட்கிறேன்.